யன்னல் சீட் சரி, எந்தப் பக்கம்?

போன கிழமை எபிசோட்டில் விமான டிக்கெட் விலை மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஏன் மாறுது என்று கதைச்சம். அதுக்கு வந்த வொயிஸ் மெசேஜ்களில் பாதி, விலையை விட்டிட்டு வேறொரு கேள்வியில் போய் நிண்டது. "அண்ணா, நீங்கள் யன்னலா, ஐலா?" இந்த விஷயத்தில் நீங்கள் எல்லாரும் இவ்வளவு உறுதியா இருப்பீங்கள் என்று நான் நினைக்கேல்லை. ஐல் கட்சிக்காரர், கால் நீட்டலாம், பக்கத்தில இருக்கிறவரை எழுப்பாமல் வோஷ்ரூம் போகலாம் என்று சொல்லினம். யன்னல் கட்சிக்காரர், தலையைச் சாய்ச்சு நித்திரை கொள்ளலாம் என்று சொல்லினம். வெளியில பாக்கலாம் என்று ஒருத்தர் கூடச் சொல்லேல்லை.

அந்தக் கோபத்தில் எழுதினதுதான் இந்தக் கிழமைக் கடிதம்.

என்னுடைய கட்சி இது: யன்னல் சீட் எடுக்கிறது வெளியில பாக்கிறதுக்கு. அப்படி எடுக்கிறதென்றால் இடப்பக்கமா வலப்பக்கமா என்று டிக்கெட் போட முதலே தெரிஞ்சிருக்க வேணும். பக்கம் முதல், வரிசை இரண்டாவது, மிச்சம் எல்லாம் அதுக்குப் பிறகு.

ஏதாவது ஒரு விமான நிறுவனத்தின் சீட் மப்பைத் திறந்து பாருங்கோ. கால் வைக்க இடம் கூடின சீட்டுக்கு ஒரு நிறம், கெதியா இறங்கக்கூடிய சீட்டுக்கு இன்னொரு நிறம், குழந்தைத் தொட்டில் கொழுவிற இடத்துக்கு ஒரு சின்னப் படம். எந்தச் சீட்டில் இருந்தால் என்ன தெரியும் என்று மட்டும் ஒரு சொல்லும் இல்லை. விமானம் எந்தப் பாதையால் போகும், அந்த நேரம் சூரியன் எந்தப் பக்கம் நிக்கும் என்பதெல்லாம் அவைக்கு எங்களை விட நல்லாத் தெரியும். ஆனால் விக்கிறது 'விண்டோ' என்ற ஒரு சொல்லைத்தான். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் ஒரே விலை. இதை நான் குறையாச் சொல்லேல்லை. இந்த டிக்கெட் வியாபாரத்தில் மேலதிகக் காசு இல்லாமல் கிடைக்கிற நல்ல விஷயம் இது ஒன்றுதான். அவை கண்டுபிடிச்சு இதுக்கும் ஒரு விலை போட முதல் பாவிச்சுக்கொள்ளுங்கோ.

பக்கத்தைக் கண்டுபிடிக்க முதல் வேலை, சுவரில தொங்கிற தட்டையான உலகப் படத்தை மறக்கிறது. வீட்டில ஒரு பூமி உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து ரொறன்ரோவில் ஒரு முனையையும் சென்னையில் மற்ற முனையையும் வைச்சு இறுக்கி இழுத்துப் பாருங்கோ. நூல் கிழக்கே போகாது. வடக்கே ஏறி, கிரீன்லாந்தைக் கடந்து, 74 பாகை அகலாங்கு வரைக்கும் போய்த்தான் திரும்பி இறங்கும். இரண்டு இடத்துக்கு இடையில உருண்டையில ஆகக் குறுகின வழி அதுதான். நூலும் உருண்டையும் இல்லாதவைக்குக் கிரேட் சேர்க்கிள் மப்பர் என்ற தளம் இருக்கு. இரண்டு விமான நிலையங்களின் குறியீட்டைக் குடுத்தால் கோட்டைக் கீறித் தரும்.

ஆனால் கோடு வேறை, உண்மையாப் பறக்கிற பாதை வேறை. காற்று, மூடின வான்பரப்பு, யுத்தம் என்று எல்லாம் குறுக்கே வரும். அதனால நான் இரண்டாவதாப் போறது பிளைட்ராடர்24. உங்கட விமான இலக்கத்தைத் தேடினால் கடைசிச் சில நாட்கள் அது போன பாதை ஒவ்வொன்றும் அங்க இருக்கும். இந்தத் தரவு எப்படி வருது என்பது ஒரு தனி எபிசோட்டுக்குக் காணும். சுருக்கமாச் சொன்னால், விமானம் தன்னுடைய இடத்தை 1090 மெகாஹேர்ட்ஸில் ஒரு செக்கனுக்கு இரண்டு தரம் போலக் கத்திக்கொண்டு போகும். வீட்டுக் கூரையில் அன்டெனாவும் ஒரு ராஸ்பெரி பையும் வைச்சிருக்கிற ஆக்கள் உலகம் முழுக்க அதைப் பிடிச்சு அனுப்புகினம். அத்திலாந்திக் நடுவில கூரையும் இல்லை, அன்டெனாவும் இல்லை. அதனாலதான் அந்த இடத்தில பல விமானங்களின் கோடு ஊகமாப் போகும்.

லண்டனில் இருந்து ரொறன்ரோ போற பகல் விமானத்தை எடுங்கோ. எங்கட ஆக்கள் கலியாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் ஓடி ஓடித் தேய்ஞ்ச பாதை இது. நூலைப் பிடிச்சால் அது 55 பாகையைக் கொஞ்சம் தாண்டும், அதாவது கிரீன்லாந்தின் தென்முனைக்குத் தெற்கால போகும். ஆனால் மேற்கே போற விமானத்துக்கு ஜெட் காற்று எதிர்க்காற்று. அதுக்குள்ள போய் எரிபொருளை வீணாக்காமல் இருக்கிறதுக்காகச் சில நாட்களில் இன்னும் வடக்கே ஏறிப் போகும், கிரீன்லாந்துக் கரைக்குக் கிட்டவாகவே போகும். கிரீன்லாந்து வடக்கே. மேற்கே பாத்துப் போற விமானத்தில் வடக்கு வலப்பக்கம். மத்தியானம் வெளிக்கிடுற விமானம் என்றால் சூரியன் தெற்கிலும் பிறகு முன்னுக்குத் தென்மேற்கிலும் நிக்கும், அதாவது இடப்பக்கம். ஆக வலப்பக்கம் இருந்தால் பனிக்கட்டி ஆறுகள் கடலுக்குள் இறங்கிறதையும் பாக்கலாம், கண்ணும் கூசாது. இடப்பக்கம் இருக்கிறவர் அதே காசுக்கு எட்டு மணித்தியாலம் கடல் தண்ணியில வெய்யில் மின்னுறதைப் பாத்திட்டு, கடைசியில் யன்னலை இழுத்து மூடுவார். அவரில பிழை சொல்லேலாது. அவருக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.

திரும்பி வாற விமானம் இரவில். கிழக்கே போகேக்க வடக்கு இடப்பக்கம் வந்திடும். வடதுருவ ஒளி தெரியிற நாள் என்றால் அந்தப் பக்கம்தான். 2024 மே மாதம் 10ஆம் திகதி இரவு வந்த பெரிய சூரியப் புயலை நினைவிருக்கும், ஸ்காபரோவில் பார்க்கிங் லொட்டில் நிண்டு போனைத் தூக்கிப் பிடிச்ச ஆக்கள் எல்லாம் இருக்கிறீங்கள்தானே. அவ்வளவு பெரிய புயல் தேவையில்லை. 11 கிலோமீற்றர் உயரத்தில், முகில் கீழே, ஊர் வெளிச்சம் இல்லாத வடஅத்திலாந்திக்கில், சாதாரண அளவு ஒளியே தெரியும். முதலில் சாம்பல் முகில் மாதிரித்தான் இருக்கும். போன் கமெராவை யன்னலில் ஒட்டிப் பிடிச்சு, மூன்று செக்கன் திறந்து வைச்சு எடுத்தால் பச்சையாத் தெரியும். கம்பளியால தலையை மூடிக்கொண்டு பாருங்கோ, உள்ள இருக்கிற வெளிச்சம் யன்னலில் தெறிக்காது. பக்கத்தில இருக்கிறவர் ஒரு மாதிரிப் பாப்பார். அவரையும் கூப்பிட்டுக் காட்டுங்கோ.

சூரியனைப் பற்றி இன்னும் கொஞ்சம். நான் பைதனில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைச்சிருக்கிறன். பாதையையும் வெளிக்கிடுற நேரத்தையும் குடுத்தால் ஒவ்வொரு பத்து நிமிஷத்துக்கும் சூரியன் விமானத்தின் எந்தப் பக்கம் என்று சொல்லும். அது இல்லாமலும் மனக்கணக்குப் போடலாம்: காலமை கிழக்கு, மத்தியானம் தெற்கு, பின்னேரம் மேற்கு. சிட்னி, மெல்பேர்ன் ஆக்களுக்கு மத்தியானச் சூரியன் வடக்கில, கணக்கைத் திருப்பிப் போடுங்கோ. நிலத்தைப் பாக்கிறதுக்கும் படம் எடுக்கிறதுக்கும் சூரியன் இல்லாத பக்கம் நல்லது. இன்னுமொரு காரணமும் இருக்கு. கீழே முகில் பரப்பு இருந்தால், அந்தப் பக்கத்தில் விமானத்தின் நிழல் முகிலில் விழும், நிழலைச் சுத்தி வானவில் நிறத்தில் வட்டங்கள் தெரியும். ஆங்கிலத்தில் இதுக்குக் குளோரி என்று பெயர். சி.டி.ஆர். வில்சன் என்ற ஸ்கொட்லாந்து விஞ்ஞானி 1894இல் பென் நெவிஸ் மலையுச்சியில் இருந்து இப்படியான வட்டங்களைப் பாத்திட்டு, அதைப் பரிசோதனைச்சாலையில் செய்து பாக்க வெளிக்கிட்டவர். அது போய் முடிஞ்சது முகில் அறை என்ற கருவியில். கண்ணுக்குத் தெரியாத துகள்களின் பாதையைக் காட்டின அந்தக் கருவிக்காக 1927இல் அவருக்கு நோபல் பரிசு கிடைச்சது. அவர் மலை ஏறிப் பாத்ததை நாங்கள் பெல்ட் கட்டி இருந்துகொண்டே பாக்கலாம்.

இனி வரிசை. இதில நீட்டி முழக்க ஒன்றுமில்லை. இறக்கைக்கு மேல இருந்தால் இறக்கைதான் தெரியும். இறக்கைக்கு நல்லாப் பின்னால இருந்தால் என்ஜின் விடுற சூட்டுக் காற்றில் நிலம் நெளிஞ்சு தெரியும், படம் எடுத்தால் கலங்கும். இறக்கைக்கு முன்னால இருக்கிறதுதான் சிறப்பு. ஆனால் பெரிய விமானங்களில் அந்த இடத்தை வணிக வகுப்பு பிடிச்சு வைச்சிருக்கும், எங்களுக்கு மிச்சம் விடுறது இரண்டு மூன்று வரிசை, அதுக்கும் மேலதிகக் காசு. அது கட்டாது என்றால் கடைசி வரிசைகளுக்குப் போங்கோ. நெளிவு இருந்தாலும் கீழே தெரியும், இறக்கையின் நுனி படத்துக்கு ஒரு அளவும் குடுக்கும்.

யன்னல் சீட் என்று வித்த இடத்தில யன்னலே இல்லாமல் இருக்கிறதும் நடக்கும். சில போயிங் 737, 757, ஏர்பஸ் ஏ321 விமானங்களில் குளிர்க்காற்றுக் குழாயோ மின்கம்பிகளோ சுவருக்குள்ளால மேல போற இடத்தில யன்னல் வைக்க மாட்டினம். அந்த வரிசைக்கு வெறும் சுவர்தான். 2025 ஓகஸ்டில் அமெரிக்காவில் டெல்டா, யுனைடெட் இரண்டு நிறுவனங்கள் மேலயும் இதுக்காக வழக்குப் போட்டிருக்கினம், மேலதிகக் காசு வாங்கிக்கொண்டு சுவரைக் காட்டினது சரியில்லை என்று. நீதிமன்றம் என்ன சொன்னாலும், வழக்குப் போட்டவை கேட்டது சரியான கேள்வி. 'விண்டோ' என்றால் சுவரோரமா, யன்னலா?

போயிங் 787 பற்றி எனக்கு இரண்டு மனம். 2011இல் சேவைக்கு வந்த இந்த விமானத்தின் யன்னல் மற்ற விமானங்களை விடப் பெரிசு, உயரம் 47 சென்டிமீற்றர் கிட்ட வரும். உடம்பைக் காபன் நார்க் கலவையில் செய்தபடியால் இவ்வளவு பெரிசா வெட்டக் கூடியதா இருக்கு. நடு சீட்டில் இருக்கிறவருக்கும் அடிவானம் தெரியும். ஆனால் இழுத்து மூடுற மறைப்புப் பலகை இல்லை. ஒரு பட்டனை அமத்தினால் மின்சாரம் பாய்ஞ்சு கண்ணாடி நீலமாக் கருக்கும். கரு நீலத்துக்குள்ளாலும் சூரியன் தெரியும், நிலம் தெரியாது. அதைவிட மோசம், விமானப் பணியாளர்கள் தங்கட பலகையில் ஒரு இடத்தில தொட்டு எல்லா யன்னலையும் ஒரே நேரத்தில் கருக்கிப் பூட்டலாம். நீங்கள் பட்டனை அமத்தி அமத்திப் பாக்கலாம், ஒன்றும் நடக்காது. நல்ல தொழில்நுட்பம் ஒன்று, காசு குடுத்தவரின் கையில இருந்த சின்ன அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டு போற கதை எங்கட பொட்காஸ்டில் எத்தனை தரம் வந்திட்டுது. இது அதே கதைதான், யன்னல் வடிவில.

இறங்கிற நேரம்தான் பலருக்கு உண்மையான காட்சி. விமானம் காற்றுக்கு எதிராத்தான் இறங்கும், அதனால அன்றைய காற்றுத்தான் எல்லாம் தீர்மானிக்கும். ஹீத்ரோவில் ஆண்டில் கிட்டத்தட்ட 70 வீதமான நேரம் மேற்கு நோக்கி இறங்குவினம். அப்ப விமானம் தென் லண்டனுக்கு மேலால வரும், தேம்ஸ் ஆறும் பாராளுமன்றமும் நடு லண்டனும் வலப்பக்கம். ரொறன்ரோ பியர்சனில் மேற்குக் காற்று நாளில் வடகிழக்கில் இருந்து, ஸ்காபரோ பக்கத்தால, கிட்டத்தட்ட 401 நெடுஞ்சாலை போற போக்கில வரும். சி.என். கோபுரமும் ஏரியும் இடப்பக்கம். உங்கட வீடு எந்தப் பக்கம் என்று நீங்கள்தான் பாக்க வேணும். சிட்னியில் வடக்கில் இருந்து தெற்கே இறங்கினால் துறைமுகப் பாலமும் ஒப்பரா ஹவுஸும் இடப்பக்கம், தெற்கில் இருந்து வந்தால் அதைப் பாக்கிற வாய்ப்புக் குறைவு. ஒரு நாள் முதல் காற்றுத் திசையைப் பாத்து, பிளைட்ராடரில் மற்ற விமானங்கள் எந்தப் பக்கத்தால இறங்குது என்று பாத்தால் அரைவாசி தெரிஞ்சிடும். செக்-இன் நேரத்தில சீட்டை மாத்த இன்னும் இடம் இருக்கும்.

இவ்வளவு கணக்கும் நான் போடுறதுக்கு உண்மையான காரணம் இன்னொரு பாதை. சென்னையில் இருந்து யாழ்ப்பாணம்.

பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமானது. சென்னையில் இருந்து அங்க வாறது ஏ.டி.ஆர். 72 என்ற சின்ன விமானம். இரண்டு பக்கமும் காற்றாடி, இரண்டிரண்டு சீட். காட்சி பாக்கிறவனுக்கு இதைவிட நல்ல விமானம் இல்லை. இறக்கை யன்னலுக்கு மேல இருக்கு, அதனால பெரும்பாலான வரிசைகளில் கீழே பாக்க ஒன்றும் மறைக்காது. 25,000 அடிக்கு மேல அதால ஏறேலாது, இந்தக் குறுகின தூரத்தில் அவ்வளவுக்கும் போகாது. வயல் வரம்பே தெரியும். சென்னையும் பலாலியும் கிட்டத்தட்ட ஒரே நெட்டாங்கில், 80 பாகையில இருக்கு. கோட்டைக் கீறினால் நேர் தெற்கு. தமிழ்நாட்டுக் கரை மேற்கே, அதாவது வலப்பக்கம். மாமல்லபுரத்தில் தொடங்கி, புதுச்சேரி, பிச்சாவரத்துக் காடு, கொள்ளிடம் கடலில் விழுற இடம், நாகபட்டினம், கடைசியா வேதாரண்யத்து உப்பளங்கள் வெள்ளை வெள்ளைச் சதுரமா. வெளிச்சமான நாளில் முழுச் சோழமண்டலக் கரையையும் ஒரு மணித்தியாலத்தில் பாத்து முடிக்கலாம்.

நான் அப்பாவோட அதில போனன். அவர் 1986இல் மாதகல் கரையில் இருந்து வள்ளத்தில் கோடியக்கரைக்குப் போனவர். அங்க இருந்து எத்தனையோ இடம் சுத்தி ரொறன்ரோ. 2003இல் ஒரு தரம் ஊருக்குப் போனவர், கொழும்பில் இறங்கி ஏ9 வீதியால. இந்தக் கடலை அவர் திரும்பக் கடக்கேல்லை. சென்னையில் செக்-இன் செய்யேக்க, "எனக்கு முழங்கால் நோகுது, ஐல் எடு தம்பி" எண்டார். ஒரு மணித்தியாலப் பயணம் அப்பா எண்டு சொல்லி, வலப்பக்க யன்னலில் இருத்தினன்.

கோடியக்கரை வரைக்கும் அவர் பேப்பர் வாசிச்சுக்கொண்டிருந்தார். நான் போனில ஜி.பி.எஸ். வைச்சிருந்தன். (பிளைட் மோடிலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும், அது கேக்கிறது மட்டும்தான், ஒன்றும் அனுப்பாது. மப்பை முதலே இறக்கி வைச்சிருக்க வேணும், யன்னலோடு பிடிக்க வேணும். கருங்கடல், ஈராக் பக்கம் பறக்கேக்க அதை நம்பாதேங்கோ, அந்த வான்பரப்பில் பொய்ச் சமிக்ஞை விடுறது நடக்குது.) "அப்பா, இதுதான் கோடியக்கரை முனை" எண்டன். அவர் பேப்பரை மடிச்சு வைச்சிட்டுக் கண்ணாடியோடு நெற்றியை வைச்சார். பிறகு வெறும் தண்ணி. சின்னனா இரண்டு மீன்பிடி வள்ளம். நான் நேரம் பாத்தன், கரை விட்டு மற்றக் கரையின் வெள்ளைக் கோடு தெரிய ஒன்பது நிமிஷம்.

"இவ்வளவு தானோ?" எண்டு கேட்டார்.

அவருக்கு அது ஒரு முழு இரவு. நேவி லைட் அடிக்கும் எண்டு என்ஜினை நிப்பாட்டி நிப்பாட்டிப் போனது, சத்தி எடுத்தது, பக்கத்தில ஒரு குழந்தையின் வாயைப் பொத்திப் பிடிச்சிருந்தது எல்லாம் நான் சின்ன வயசில இருந்து கேட்ட கதை. "அப்ப ஒண்டும் தெரியேல்லையடா. கும்மிருட்டு. தண்ணி எந்த நிறம் எண்டே எனக்குத் தெரியாது" எண்டார். அன்று அது பச்சை. கரைக்குக் கிட்ட இன்னும் வெளிர்ப் பச்சை.

பிறகு அவர் ஊர்களைச் சொல்லத் தொடங்கினார், காங்கேசன்துறை, கீரிமலை, அங்கால மாதகல். செம்மண் தோட்டங்கள் ஒரு பக்கம், 1990இல் சனத்தை எழுப்பின பிறகு பத்தை மண்டிக் கிடக்கிற காணிகள் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் இடையில கோடு கீறின மாதிரி. தரையில நிண்டு பாத்தால் அங்க வேலியும் காவலரணும் மட்டும்தான் தெரியும். எவ்வளவு நிலம் என்று மேல இருந்துதான் விளங்கும். இறங்க முதல் சொல்லி வைக்கிறன், அது இராணுவத்தோடு சேர்ந்த ஓடுபாதை, சக்கரம் தொட முதல் போனை உள்ள வையுங்கோ.

உங்கட ஆக்கள் வடமராட்சி என்றால் இந்தக் கணக்கு மாறும். வல்வெட்டித்துறையும் பருத்தித்துறையும் பலாலிக்குக் கிழக்கே, அதனால இடப்பக்கம். தமிழ்நாட்டுக் கரையை விட்டுக்குடுக்க வேணும். காற்றுக்கு ஏத்த மாதிரி விமானம் வளைஞ்சு இறங்கினால் கடைசி நிமிஷத்தில் இரண்டு பக்கமும் இடம் மாறவும் கூடும். சென்னையில் இருந்து கொழும்புக்குப் போறவைக்கும் வலப்பக்கம்தான். நேர்கோட்டில் போனால் தீவுகளும், பிறகு மன்னாரும், தலைமன்னாரில் இருந்து தனுஷ்கோடிக்குப் போற மணல்திட்டு வரிசையும் அந்தப் பக்கம் தெரியும்.

இதுக்கு எதிராச் சொல்லக்கூடியது எல்லாம் எனக்கும் தெரியும். 14 மணித்தியால இரவுப் பயணத்தில், கீழே கடலும் இருட்டும் மட்டும் என்றால், நானும் ஐல்தான். அம்மம்மாவை யன்னலோரம் இருத்தி, மூன்று தரம் இரண்டு பேரை எழுப்ப வைக்கிறது பாவம். நான் செய்யிறது, நீண்ட இரவுப் பகுதிக்கு இலவசமா வாற சீட்டை அப்படியே விட்டிட்டு, சீட்டுக்கு என்று ஒதுக்கின காசைப் பகல் பகுதிக்கும் கடைசிக் குறுகின பகுதிக்கும் போடுறது. கால்நோவும் தாங்கும், காட்சியும் கிடைக்கும்.

யன்னலை மூடுற பிரச்சினையில் மட்டும் நான் இறங்கி வர மாட்டன். இறங்கிற ஏறுற நேரத்தில் பல நிறுவனங்கள் திறந்து வைக்கச் சொல்லிறதுக்குக் காரணம் இருக்கு. அவசரம் என்றால் வெளியில நெருப்பா தண்ணியா என்று உடனே தெரிய வேணும், கண்ணும் வெளியில இருக்கிற வெளிச்சத்துக்குப் பழகி இருக்க வேணும். மற்ற நேரத்தில், பட்டப்பகலில், 300 பேருக்கு இரவு செய்து காட்டுறது சாப்பாடு குடுத்து முடிச்ச பணியாளர்களுக்கு வசதி, திரையில படம் பாக்கிறவைக்கு வசதி. மூடச் சொன்னால் நான் சண்டைக்குப் போறதில்லை, அது அவையின்ர வேலைத்தலம். நாலு விரல் அகலம் விட்டு மூடுவன், குனிஞ்சு பாப்பன். ஆனால் யன்னல் சீட்டை எடுத்திட்டு, வெளிக்கிட்ட நேரத்தில் இருந்து மூடி வைச்சு நித்திரை கொள்ளிற யன்னல் கட்சிக்காரரே, உங்களுக்குத் தேவை சாய ஒரு சுவர். டெல்டாவிலும் யுனைடெட்டிலும் அந்தச் சுவர் சீட் இருக்காம், மற்றவை அதுக்கு வழக்குப் போடுகினம். நீங்கள் அதை எடுங்கோ, எல்லாருக்கும் சந்தோசம்.

அந்த ஸ்கிரிப்டை இந்தக் கிழமை கொஞ்சம் துப்பரவாக்கி, எல்லாரும் பாவிக்கக்கூடிய மாதிரிப் போடுறன். உங்கட பாதையை, திகதியோடும் வெளிக்கிடுற நேரத்தோடும், இந்தக் கடிதத்துக்குப் பதிலா அனுப்புங்கோ. சூரிச்–கொழும்பு, ஒஸ்லோ–சென்னை, மெல்பேர்ன்–சிங்கப்பூர் மூன்றும் ஏற்கனவே வந்திட்டுது. அடுத்த எபிசோட்டில் ஒவ்வொன்றுக்கும் இடமா வலமா என்று சொல்லுவம். ஒஸ்லோக்காரருக்கு மட்டும் இப்பவே சொல்லலாம்: டிசம்பரில் போறீங்கள், பின்னேரம் நாலு மணி விமானம், அங்க வெளிக்கிட முதலே இருட்டிடும். ஐல் எடுங்கோ.